வாதத்துக்குக் கோடு போடுங்கள்

(சட்ட மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வக்கீல் இல்லை. கவிதை எழுதுகிறவன்; வயிற்றுக்கு வங்கியில் கிளார்க். நாளைக்குக் கறுப்பு அங்கி மாட்டப்போகிற உங்களிடம் ஒன்று கேட்கணும். நம்ம ஜனத்துக்காக நீங்கள் வைக்கிற வாதம் நாளை யார் கையில் இருக்கும்?

1979. ஹுஸைனாரா காத்தூன் வழக்கு. பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்த ஏழைகளுக்காக வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்சநீதிமன்றம் போனார். அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் சுதந்திரத்தில் விரைவான விசாரணையும் அடக்கம் என்று தீர்ப்பு வந்தது.

2018 மார்ச் 20. சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கு. அதே 21ஆவது பிரிவு. இந்தமுறை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்சாட்டப்படுகிறவர்களுக்காக. அரசு ஊழியரைக் கைது செய்ய அவரை நியமித்த அதிகாரியின் அனுமதி வேணுமாம். வழக்குப் பதியுமுன் டி.எஸ்.பி. விசாரிக்கலாமாம். பூட்டப்பட்டவனுக்காகச் செய்த சாவி, பூட்டுகிறவன் இடுப்பில் தொங்கியது. ஏப்ரல் 2இல் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1இல் உச்சநீதிமன்றமே அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது.

அப்போ 21ஐ விட்டுடலாமா? முடியாது. விசாரணைக் கைதிகளில் நம்ம ஆட்களின் பங்கு மக்கள்தொகைப் பங்கைவிட அதிகம்.

எங்க கவுண்டரில் பேரர் செக்கை யார் நீட்டினாலும் பணம் தரணும். இரண்டு கோடு இழுத்து 'இன்ன கணக்குக்கு மட்டும்' என்று எழுதிவிட்டால் அடுத்தவன் மாற்ற முடியாது. 21ஐ மட்டும் தனியாக நீட்டுவது பேரர் செக். 14, 15, 17ஐச் சேர்த்து, சாதியாலும் வறுமையாலும் இவனுக்கு இந்தச் சுதந்திரம் மறுக்கப்பட்டது என்று மனுவிலேயே எழுதுங்கள்.

அடுத்தது, விடுதலையான வழக்கெல்லாம் பொய்வழக்குன்னு கணக்குக் காட்டுறாங்க. சாட்சி ஏன் பிறழ்ந்தான்? யாருடைய வயலில் கூலி? யார் மிரட்டினது? 2015 திருத்தம் தந்த 15ஏ பிரிவில், ஜாமீன் விசாரணையிலும் பாதிக்கப்பட்டவர் தம் தரப்பைச் சொல்லலாம். அதைச் சொல்லவைத்துப் பதிவாக்குங்கள்.

மூன்றாவது, "பாவம்யா, ஒண்ணும் தெரியாதவன்" என்று கெஞ்சாதீர்கள். இன்றைக்கு அது இரக்கம் வாங்கித் தரும். நாளைக்கு அவனே புகார் கொடுத்தால், "தெரியாதவனை எவனோ தூண்டிவிட்டான்" என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.

கோடு போட்டாலும் திருடுகிறவன் திருடப் பார்ப்பான். ஆனால் ஏட்டில் கோடு இருந்தால், அதைக் காட்டித் தடுக்க அடுத்த வக்கீலுக்கு ஒரு பிடி இருக்கும்.