அப்பா எந்த ஷிஃப்ட்?

(பாட்காஸ்ட் உரையின் எழுத்து வடிவம். படிப்பதற்கு ஏற்றபடி சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

நான் அரசுப் பள்ளிக் கணக்கு டீச்சர். இருங்காட்டுக்கோட்டை பக்கத்துல வேலை பார்க்கிறேன். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், சென்னையிலேர்ந்து பெங்களூரு போற நெடுஞ்சாலையில, ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னாடி வர்ற ஊர். சிப்காட் இருக்கு, ஹூண்டாய் கார் தொழிற்சாலை இருக்கு, சுத்திலும் உதிரிபாகம் செய்யற கம்பெனிங்க. காலையில ரோட்டுல நின்னா ஸ்கூல் வேனைவிட கம்பெனி பஸ்தான் அதிகமா போகும். எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேரோட அப்பாவோ அம்மாவோ அந்த பஸ்ல போறவங்கதான். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துலேர்ந்து வந்து, லைன் வீட்டுல வாடகைக்கு இருக்கறவங்க நிறைய.

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவிச்சாங்க. அந்த மாசம் 27ஆம் தேதி ஆரம்பிச்சிருக்க வேண்டிய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தள்ளித் தள்ளிப் போய், கடைசியில ஜூன் 9 அன்னைக்கு ரத்தாச்சு. காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம். ஒரு தலைமுறைக்கே அரையாண்டுப் பேப்பர்தான் பொதுத்தேர்வு ஆச்சு.

நான் இன்னைக்குப் பேச வந்தது அடுத்த பேட்ச் பத்தி. 38 பிள்ளைங்க. வாட்ஸ்அப் குரூப்ல 21 நம்பர்தான் சேர்ந்துச்சு. முதல் நாள் காலை பத்து மணிக்கு கூகுள் மீட்ல வகுப்பு வச்சேன். வந்தது ஆறு பேர். எனக்குக் கோபம். "பிள்ளைங்களுக்கு அக்கறையே இல்லை"ன்னு ஸ்டாஃப் குரூப்லயே போட்டுட்டேன்.

அன்னைக்கு ராத்திரி பத்தே முக்கால் இருக்கும். ஒரு பொண்ணு மெசேஜ் அனுப்பறா: "டீச்சர், இப்பதான் அப்பா வந்தாரு. பாடம் முடிஞ்சிடுச்சா?"

அப்பதான் எனக்கு உறைச்சது. வீட்டுல ஒரே ஒரு போன். அது அப்பா பாக்கெட்ல கம்பெனிக்குப் போயிடுது. மே மாசத்துலேர்ந்தே தொழிற்சாலைங்க திறந்தாச்சு, பள்ளிக்கூடம்தான் மூடியிருக்கு. நான் பத்து மணின்னு சொன்னா, அந்த வீட்டுல பத்து மணிக்கு போனே கிடையாது.

மறுநாள் ஒவ்வொரு வீட்டுக்கா போன் பண்ணி, ஒரே கேள்வி கேட்டேன்: "அப்பா எந்த ஷிஃப்ட்?" முதல் ஷிஃப்ட்னா சாயங்காலம் போன் கிடைக்கும். ரெண்டாவது ஷிஃப்ட்னா காலையில. நைட் ஷிஃப்ட்னா பகல் முழுக்க போன் வீட்டுல இருக்கும், ஆனா அப்பா தூங்கறாரு. ஒரே ரூம். சத்தம் வரக் கூடாது. அந்தப் பிள்ளை வாசப்படியில உட்கார்ந்து கேட்கணும். ஷிஃப்ட் வாராவாரம் மாறும், அதோட என் டைம்டேபிளும் மாறுச்சு. பாடத்தை மூணு நிமிஷ வாய்ஸ் மெசேஜா உடைச்சு அனுப்பினேன். நோட்டை போட்டோ எடுத்து அனுப்புவாங்க, ராத்திரி பதினொன்றுக்குத் திருத்துவேன்.

கணக்கு நடத்தறது கஷ்டம்தாங்க. வகுப்புல முக்கோணவியல் போடும்போது திரும்பிப் பார்த்தா போதும், யாருக்குப் புரியலைன்னு முகத்துலயே தெரியும். போன்ல முகமே இல்லை. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் கட்டை விரல் போடுவாங்க. கல்வித் தொலைக்காட்சியில பாடம் நல்லாவே வந்தது. போன் இல்லாத வீட்டுக்கு அதுதான் துணை. ஆனா டிவிகிட்ட சந்தேகம் கேட்க முடியாதே.

நல்லதும் நடந்துச்சு. வகுப்புல வாயே திறக்காத ஒரு பையன், தனியா வாய்ஸ் மெசேஜ்ல தினம் மூணு சந்தேகம் கேட்பான். சொந்த ஊருக்குப் போன ஒரு குடும்பம், பொண்ணை மொட்டை மாடியில ஏத்தி சிக்னல் பிடிச்சுப் படிக்க வச்சாங்க.

ஆனா, ஒருத்தனை நான் விட்டுட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நல்லாப் படிக்கற பையன். செப்டம்பர் வரைக்கும் நோட்டு அனுப்பினான், அப்புறம் சத்தமே இல்லை. போன் பண்ணா ஸ்விட்ச் ஆஃப். என் லிஸ்ட்ல அவன் பேருக்கு நேரா "நெட்வொர்க் இல்லை"ன்னு எழுதினேன். ஒவ்வொரு வாரமும் அதையே எழுதினேன். எழுதறதுக்கு சுலபமான காரணம் அது.

2021 ஜனவரி 19, பத்தாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. மாஸ்க் போட்டுக்கிட்டு பிள்ளைங்க வந்தாங்க. அவன் வரலை. ஒரு வாரம் பார்த்துட்டு வீட்டுக்குப் போனேன். அவங்க அம்மா, "அவங்க அப்பாவை கான்ட்ராக்ட்லேர்ந்து நிறுத்திட்டாங்க டீச்சர். அப்பவே போனை வித்துட்டோம்"னாங்க. பையன் வாட்டர் கேன் போடற வண்டியில போயிட்டிருந்தான். நான் நாலு மாசமா எழுதின காரணம் பொய். என் ஸ்கூட்டியில பத்து நிமிஷம்தான் அந்த வீடு.

கூப்பிட்டதும் வந்தான். விட்ட பாடத்தை மதியம் உட்கார வச்சு ஆரம்பிச்சோம். பிப்ரவரி 25 அன்னைக்கு ஒன்பது, பத்து, பதினொன்று எல்லாருக்கும் தேர்ச்சின்னு அறிவிச்சாங்க. அந்த முடிவு தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அன்னைக்கு நிலைமை அப்படி. ஆனா மறுநாள்லேர்ந்து அவன் வரலை. சர்டிபிகேட் வாங்க வந்தப்ப ஐடிஐ சேரப் போறேன்னான். சேர்ந்தானான்னு எனக்குத் தெரியாது. அடுத்த முறை போனப்ப அந்த வீட்டுல வேற குடித்தனம்.

2021 அக்டோபர்ல மரக்காணம் பக்கத்துல இல்லம் தேடிக் கல்வி திட்டத்தைத் தொடங்கினாங்க. ஒன்றுலேர்ந்து எட்டு வரைக்குமான பிள்ளைங்களுக்கு, சாயங்காலத்துல, அவங்க தெருவுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கற தன்னார்வலர்கள். அந்தப் பேரைக் கேட்டப்ப எனக்கு அந்தப் பையன் வீடுதான் ஞாபகம் வந்தது.

ஆன்லைன் வகுப்புன்னா டேட்டா, ஆப், சிக்னல்னு பேசறோம். எனக்கு அது கத்துக்கொடுத்தது வேற. பதினெட்டு வருஷமா வருகைப் பதிவு எடுத்திருக்கேன். வராத பிள்ளை ஏன் வரலைன்னு வீட்டுக்குப் போய்க் கேட்டது ரொம்பக் கம்மி.

இப்பவும் ஒவ்வொரு ஜூன்லயும் ஒரு நோட்டு போடறேன். போன் யாருடையது, வேலை பெர்மனன்ட்டா கான்ட்ராக்டா, அப்பா அம்மா எந்த ஷிஃப்ட், பிள்ளை வீட்டுல தனியா இருக்கற நேரம் எது. மூணு நாள் தொடர்ந்து வரலைன்னா ஸ்கூட்டியை எடுத்துடறேன். கேட்டுக்கிட்டிருக்கற டீச்சர்களுக்கும் அதைத்தான் சொல்லுவேன். காரணத்தை எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்க.