பிரிக்காத பெட்டி

டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். இரண்டு ஆண்டு கழித்து அவர் சூட்டிய பெயர் 'லெகோ'. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது.

இன்று மேலைநாடுகளில் அந்தப் பெட்டிகளை வாங்கி, பிரிக்காமலே பூட்டி வைப்போர் பலர். தயாரிப்பு நின்றால் விலை ஏறும், அப்போது விற்பார்கள். முத்திரை கிழிந்தாலோ மூலை நசுங்கினாலோ மதிப்புக் குறையும். ஆகவே வீட்டுப் பிள்ளை தொடக்கூடாது! 2007-இல் ஏறத்தாழ 500 டாலருக்கு வந்த 'மில்லேனியம் ஃபால்கன்' விண்கலப் பெட்டி, பின்னர் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறியது. 2017-இல் நிறுவனமே 7,541 துண்டுகளோடு இன்னும் பெரிதாக ஒன்றை 800 டாலருக்கு வெளியிட, பழையதன் விலை இறங்கியது.

சேமிப்பைக் குறை சொல்ல நாம் வரவில்லை. பிள்ளையின் படிப்புக்காகவே அப்படிச் செய்பவரும் உண்டு. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனை ஆண்டவர் கடிந்ததும் விளைச்சலுக்காக அல்ல. எல்லாம் தனக்கே என்று அவன் எண்ணியதற்காக. நம்மை உறுத்துவது, "எப்போப்பா பிரிக்கலாம்?" என்று கேட்டு நிற்கும் பிள்ளைதான். விலை ஏறுவதற்குள் அவன் வளர்ந்துவிடுவான்.

டென்மார்க் வரை போவானேன்? நம் வீட்டு ஷோகேஸில் பாலித்தீன் உறைகூடப் பிரிக்காத பொம்மைகள் எத்தனை! விலை ஏறும் என்றுகூட இல்லை, அழுக்காகிவிடும் என்றே பூட்டி வைத்திருக்கிறோம். இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பியதும், அதில் ஒன்றையாவது பிள்ளைகளிடம் எடுத்துக் கொடுப்போமா?