வழியை எழுதிக் காட்டு



கணக்குப் பாடத்தில் விடையை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடையாது. வழியையும் எழுதிக் காட்ட வேண்டும். 'சுற்றுச்சூழல் அறிவியலும் மக்களும்' என்று இந்த அறக்கட்டளையினர் பேசத் தலைப்புத் தந்ததுமே எனக்கு அந்த விதிதான் நினைவுக்கு வந்தது.

எடுத்துக்காட்டு, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. பாலக்காடு மாவட்டத்தில், அட்டப்பாடியின் முக்காலியிலிருந்து காட்டுப் பாதையில் ஏறினால் சைரந்திரி. கீழே பள்ளத்தில் குந்திப்புழை. அதை மறித்து 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973இல் திட்டக்குழு ஒப்புதல் தந்தது. மின்சாரம், பாசனம், வேலை: விடை தயாராக இருந்தது. வழியை யாரும் கேட்கவில்லை.

கேட்டது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். அறிவியலை மலையாளத்தில் எழுதுவதற்காக 1962இல் தொடங்கிய அமைப்பு அது. தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத்தோடு அணுப் பொறியாளர், மின் பொறியாளர், வேளாண் அறிவியலாளர், பொருளியலாளர் என ஐந்து பேர் உட்கார்ந்து, அணையால் வரும் வரவையும் காடு போனால் ஆகும் செலவையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்த்தார்கள். மலபாருக்கு மின்சாரம் தர வேறு வழிகள் உண்டு என்றும் காட்டினார்கள். கவிஞர் சுகதகுமாரி போன்றோர் அந்தக் கணக்குக்குக் குரல் கொடுத்தார்கள்.

"மனிதன் பெரிதா, குரங்கு பெரிதா?" என்ற ஏளனமும் எழுந்தது. குரங்கு என்றது சிங்கவால் குரங்கை. முள் அடர்ந்த வெடிப்பலாக் காயைப் பிளந்து விதையைத் தின்னும் விலங்கு. பெரும்பாலும் தரையில் இறங்காது. மரத்துக்கு மரம் தாவியே வாழும். நடுவே நீர்த்தேக்கம் வந்தால் கிளைப்பாலம் அறுந்து, கூட்டங்கள் தனித்தனியே முடங்கிப்போகும். குரங்கைக் காட்டிப் பேசியது காட்டின் தொடர்ச்சியைத்தான். அரசு அமைத்த எம்.ஜி.கே. மேனன் குழு ஆராய்ந்தது, திட்டம் கைவிடப்பட்டது, 1985 செப்டம்பர் 7 அன்று ராஜீவ் காந்தி அமைதிப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவைத் தொடங்கிவைத்தார்.

ஆனால் அந்த ஏட்டில் ஒரு பத்தி அநேகமாகக் காலியாகவே இருந்தது. படித்தவர்கள் வாதாடிய அளவுக்கு, அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் குரல் அவையேறவில்லை.

அந்தப் பத்தி எப்படி நிரம்பும் என்பதை இடுக்கி மாவட்டத்தின் குமுளியில் பார்க்கலாம். தேனியிலிருந்து கம்பம் வழியாக மலையேறினால் வரும் எல்லை ஊர். அங்கே வயணப்பட்டை எனும் காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களை 1990களின் பிற்பகுதியில் வனத்துறை அழைத்துப் பேசி, பெரியாறு காட்டின் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கியது. எந்தச் சரிவில் எந்த மரம் நிற்கிறது, இரவில் எங்கே ஒதுங்கலாம், எந்தத் தடத்தில் திருடன் வருவான் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மரத்தை உரிக்கத் தேடிய அதே கண் இப்போது புதிய வெட்டுக்காயத்தைத் தேடுகிறது. 2002இலிருந்து 'வசந்த சேனை'ப் பெண்கள் கூலி வாங்காமல் அதே காட்டில் ரோந்து போகிறார்கள்.

அறிவியல் ஊருக்குள் வந்தால் போதாது. ஊரின் அறிவும் அறிவியலுக்குள் போக வேண்டும். மாணவர்களே, நாளை உங்கள் ஊருக்கும் ஒரு திட்டம் விடையோடு வரும். வழியைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்த மண்ணில் நடந்து பழகியவரையும் பலகைக்கு அழையுங்கள். அவரும் இரண்டு வரி எழுதட்டும்.