தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதுமா?

(ஆசிரியர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்து 300 கி.மீ. செல்ல எவ்வளவு நேரமாகும்? இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடாத ஆசிரியர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். வகுத்தல் பழக அது வேண்டும்தான். ஆனால் மேல்வகுப்புக்கு வந்த பிறகும் அங்கேயே நின்றுவிட்டால், 'கணக்கு வேறு, உலகம் வேறு' என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதனால் ஓர் உண்மையான விமானப் பயணத்தை எடுத்துக்கொள்வோம்.

2021 ஜனவரியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் வந்தது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் அதை ஓட்டி வந்தவர்கள் அனைவரும் பெண்கள். மாணவிகளிடம் இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

சுவரில் தொங்கும் உலகப் படத்தைக் காட்டி, விமானம் எந்த வழியாக வந்திருக்கும் என்று கேளுங்கள். பலர் அட்லாண்டிக்கின் மேல் கோடு போடுவார்கள். பிறகு உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் வழுக்கிக்கொண்டு வடதுருவத்தின் பக்கம் போய் நிற்கும். விமானமும் துருவத்தின் மேலாகத்தான் வந்தது. நூல் காட்டும் தூரம் ஏறத்தாழ 14,000 கி.மீ.; விமானம் பறந்ததோ சுமார் 16,000 கி.மீ. காற்று, வானிலை, அவசரத்தில் இறங்கக்கூடிய நிலையங்கள், நாடுகளின் வான்வெளி அனுமதி எனப் பலவற்றையும் பார்த்துத்தான் வழியை முடிவு செய்கிறார்கள்.

இனி நேரம். அட்டவணைப்படி 9ஆம் தேதி இரவு 8.30க்குப் புறப்பாடு, 11ஆம் தேதி அதிகாலை 3.45க்கு வருகை. நேராகக் கழித்தால் 31 மணி 15 நிமிடம். 'அத்தனை நேரம் விமானத்தில் எரிபொருள் தாங்குமா?' என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்விக்காகக் காத்திருங்கள். இரண்டு கடிகாரங்களும் வேறு வேறு ஊர்களுடையவை. ஜனவரியில் நம் கடிகாரம் சான் பிரான்சிஸ்கோவைவிட 13 மணி 30 நிமிடம் முந்தி ஓடுகிறது. அதைக் கழித்தால் 17 மணி 45 நிமிடம். தீர்க்கரேகைப் பாடம் இங்கே தானாகவே உள்ளே வந்துவிடுகிறது.

இன்னொன்று. 2016 அக்டோபரில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வழக்கமான அட்லாண்டிக் வழியை விட்டு, பசிபிக் வழியாக ஏர் இந்தியா பறந்தது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடுதல், நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைவு! உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று சில நாள்களில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும். கிழக்கே போனால் அது பின்னாலிருந்து தள்ளும். மேற்கே போனால் எதிர்த்து நிற்கும். 'கீழே பூமி சுழன்றுவிடுவதால்' என்று சிலர் விளக்குவதுண்டு. அது சரியல்ல, காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது.

உலக உருண்டை இல்லாத பள்ளியில் ஒரு ரப்பர் பந்து போதும். துருவங்களையும் இரண்டு ஊர்களையும் பேனாவால் குறியுங்கள். பந்தின் சுற்றளவை 40,000 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 60 செ.மீ. என்றால், ஊர்களுக்கு இடையே நூல் 21 செ.மீ. வரவேண்டும். ஒன்றிரண்டு செ.மீ. கூடக் குறைய வந்தால் திட்டாதீர்கள். எங்கே பிசகியது என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள்.