கலியாண எழுத்திலிருந்து விவாகரத்துச் சான்றிதழ் வரை: எங்கே கேட்பது, எங்கே பதிவது

(டொலார்ட்-டெஸ்-ஓர்மோ வாழ் தமிழ்க் குடியிருப்பாளர்களுக்கான தகவல் மாலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்துள்ள பொருள், நமது வீடுகளில் குரலைத் தாழ்த்திப் பேசப்படுவது. திருமணத்துக்கு அழைப்பிதழ் அச்சிட்டு ஊரைக் கூட்டுகிறோம். அது முறியும்போது கதவைச் சாத்திக் கொள்கிறோம். அதனால்தான் விவாகரத்தின் நடைமுறை படித்தவர்களுக்கும் தெரியாமல் இருக்கிறது. நான் சட்டத்தரணி அல்லள். இந்நகரிலும் மொன்றியலிலும் பல ஆண்டுகள் தமிழ் மொழிபெயர்ப்பாளராக அலுவலகங்களிலும் நீதிமன்ற மண்டபங்களிலும் அமர்ந்திருந்தவள். நான் சொல்வது பொதுத் தகவல். உங்கள் வழக்குக்கு உரிய ஆலோசனையைச் சட்டத்தரணியிடமே பெற வேண்டும்.

எதற்காக இதை வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு குடும்பத்தின் நிலையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். ஒருவர் மனைவியைப் பிரிந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வேறொரு பெண்ணோடு இல்லறம் நடத்தி, இருவரும் உழைத்து, வீடும் வாங்கியிருந்தனர். வீடு அவர் பெயரில் இருந்தது. "ஏழு வருஷம் பிரிஞ்சிருந்தால் தானாகவே ரத்தாகிவிடும்" என்று யாரோ சொன்னதை அவர் நம்பியிருந்தார். மரணசாசனம் எழுதாமலே மாரடைப்பில் இறந்தார். கியூபெக் குடியியல் சட்டத்தின்படி, மரணசாசனம் இல்லாதபோது சட்டப்படியான துணைக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் சேரும். பதினான்கு ஆண்டுகள் பேசாமலிருந்த மனைவியே இன்னும் சட்டப்படியான துணை. உடன் வாழ்ந்த பெண்ணுக்கு வாரிசுரிமை எதுவும் இல்லை. அவர் என் பக்கத்தில் அமர்ந்து, நான் மொழிபெயர்த்த ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு முறை கேட்டார்.

எத்தனை ஆண்டு பிரிந்திருந்தாலும் திருமணம் தானாகக் கலைவதில்லை. நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றினால்தான் கலையும்.

அடுத்து, எந்த நீதிமன்றம் என்ற கேள்வி. இலண்டனிலோ அமெரிக்காவிலோ உள்ள உறவினர் "கவுண்டி கோர்ட்டுக்குப் போ" என்று தொலைபேசியில் சொல்வார்கள். இங்கிலாந்தில்கூட 2014ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றம் தொடங்கிய பின் அந்தப் பேச்சு பழையதாகிவிட்டது. கியூபெக்கில் கவுண்டி நீதிமன்றம் என்று ஒன்று கிடையாது. விவாகரத்துச் சட்டம் கனடா முழுவதற்கும் பொதுவான சமஷ்டிச் சட்டம். இங்கே அதை விசாரிப்பது கியூபெக் மேல் நீதிமன்றம். நமது நகரம் மொன்றியல் நீதி மாவட்டத்துள் அடங்குகிறது. ஆகவே நீங்கள் செல்ல வேண்டிய இடம் பழைய மொன்றியலில், இலக்கம் 1, நோத்ர-டாம் வீதி கிழக்கில் உள்ள நீதிமன்றக் கட்டடம். பிளாஸ்-டார்ம், ஷாம்-டி-மார்ஸ் ஆகிய இரு மெத்ரோ நிலையங்களும் அதற்கு அருகில் உள்ளன. டி சலபெரி வீதியிலுள்ள நமது நகர மண்டபத்தில் விவாகரத்துப் பதிவுகள் எவையும் இல்லை. அங்கே வந்து கேட்டு ஏமாந்து திரும்புவோர் உண்டு என்பதால் சொல்கிறேன்.

ஏற்கனவே நடந்த விவாகரத்து ஒன்றின் பதிவைத் தேடுவோர் பலர். மறுமணம் செய்ய, துணைவரைக் கனடாவுக்கு அழைக்க, ஓய்வூதியம் கோர அது வேண்டியிருக்கும். இரண்டு ஆவணங்களை வேறுபடுத்திக் கொள்ளுங்கள். தீர்ப்பு என்பது பிள்ளைகள், தாபரிப்புப் பணம், சொத்து பற்றிய கட்டளைகளைக் கொண்டது. விவாகரத்துச் சான்றிதழ் என்பது திருமணம் இன்ன திகதியில் கலைந்தது என்று கூறும் சிறிய ஆவணம். மறுமணத்துக்குக் கேட்கப்படுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். தீர்ப்பு வந்த நாளே நீங்கள் தனியர் ஆகிவிடுவதில்லை. மேன்முறையீடு இல்லையெனில், தீர்ப்புக்குப் பின் முப்பத்தோராவது நாளில்தான் விவாகரத்து நடைமுறைக்கு வருகிறது. சான்றிதழும் அதன் பின்னரே கிடைக்கும். தீர்ப்பு வந்த அடுத்த கிழமைக்கே மண்டபம் பதிந்துவிட்டு, ஐயருக்கும் முற்பணம் கொடுத்துவிட்டுத் தவித்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன்.

வழக்கு எங்கே நடந்தது என்பது தெரியுமானால், அந்த நீதிமன்றத்தின் பதிவகத்திலேயே பிரதி கேட்கலாம். வழக்கிலக்கம் கையில் இருந்தால் வேலை எளிது. மொன்றியலில் பதியப்படும் விவாகரத்து வழக்குகளின் இலக்கம் 500-12 என்று தொடங்கும். 500 மொன்றியலையும் 12 விவாகரத்தையும் குறிக்கும். பழைய கடிதங்களில், சட்டத்தரணி அனுப்பிய கட்டணச் சிட்டையில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

எங்கே நடந்தது என்றே தெரியாவிட்டால் ஒட்டாவாவில் மத்திய விவாகரத்து வழக்குப் பதிவேடு ஒன்று இருக்கிறது. 1968ஆம் ஆண்டு யூலை மாதத்திலிருந்து கனடாவின் எந்த மாகாணத்தில் விவாகரத்து வழக்கு பதியப்பட்டாலும் அதன் குறிப்பு அங்கே சேர்கிறது. அங்கே தீர்ப்பின் பிரதி இருக்காது. எந்த நீதிமன்றம், எந்த இலக்கம் என்பதை மட்டும் அறியலாம். பிரதியை அந்த நீதிமன்றத்திடமே பெற வேண்டும். அதற்கு முந்திய காலத்தில் கியூபெக் மக்கள் விவாகரத்துப் பெற நாடாளுமன்றத்தையே நாட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தம்பதிக்கும் ஒரு தனிச் சட்டம்! 1983க்குப் பின் பெருமளவில் வந்த நமக்கு அது வெறும் வரலாறுதான்.

தேடும்போது நமக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, அது பெயர். தேவராஜா என்ற ஒரே பெயர் ஒரு கடதாசியில் ஆங்கில 'டி' எழுத்திலும் மற்றொன்றில் 'ரி எச்' எழுத்துகளிலும் தொடங்கும். தகப்பன் பெயர் சிலவேளை முதலில், சிலவேளை கடைசியில். பெண்களுக்கு இன்னுமொன்று: கடவுச்சீட்டில் கணவர் பெயர் இருக்கும், கியூபெக்கிலோ 1981 முதல் மணமான பெண் தன் பிறப்புப் பெயரிலேயே குடியியல் உரிமைகளைச் செலுத்துகிறார். விண்ணப்பத்தில் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். திருமணத் திகதியும் அவ்வாறே. நம்மில் பலருக்கு எழுத்து ஒரு நாள், தாலிகட்டு இன்னொரு நாள். அலுவலகங்களுக்கு வேண்டியது பதிவுச் சான்றிதழில் உள்ள திகதி. அல்பத்தில் உள்ள திகதி உதவாது.

குடும்ப வழக்குகளின் கோவைகளை யாரும் சென்று பார்த்துவிட முடியாது என்பதையும் அறிந்து கொள்ளுங்கள். கியூபெக்கில் அவ்வழக்குகள் மூடிய கதவுக்குள்ளேயே விசாரிக்கப்படுகின்றன. கோவையைப் பார்க்கும் உரிமை தரப்பினருக்கும், அவர்களின் சட்டத்தரணிகளுக்கும், நியாயமான காரணம் காட்டுவோருக்கும் மட்டுமே உண்டு. தீர்ப்புகள் வெளியிடப்படும்போது பெயர்கள் நீக்கப்பட்டு "குடும்பச் சட்டம்" என்ற பொதுத் தலைப்போடும் ஓர் எண்ணோடும் வருகின்றன. "ஊருக்குத் தெரிந்துவிடும்" என்று அஞ்சி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவோர் இதைக் கவனியுங்கள். ஊருக்குச் சொல்வது நீதிமன்றம் அன்று, நாம்தான்.

புதிதாக வழக்குப் பதிய எண்ணுவோர் இரு காலக் கணக்குகளைக் குழப்பிக் கொள்கின்றனர். ஒன்று வதிவிடம்: வழக்குப் பதியும் நாளுக்கு முன் கணவன் அல்லது மனைவி, இருவரில் ஒருவராவது ஓராண்டு காலம் இம்மாகாணத்தில் வசித்திருக்க வேண்டும். மற்றது பிரிவு: திருமணம் முறிந்தது என்பதற்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்ததே போதும். பிரிந்த மறுநாளே வழக்குப் பதியலாம். தீர்ப்பு மட்டும் ஓராண்டு நிறைந்த பின் வரும். வாடகை கொடுக்க இயலாமல் ஒரே கூரையின் கீழ் தனித்தனி வாழ்வு வாழ்வதும் பிரிவாகவே கொள்ளப்படலாம். இடையில் மீண்டும் சேர்ந்து பார்த்து, அது தொண்ணூறு நாட்களுக்கு மேற்படாமல் பிரிந்தால் கணக்கு அறுந்து போகாது.

இலங்கையில் பொதுச் சட்டப்படி விவாகரத்துக் கேட்பவர் பிறர்மனை நாட்டம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல் போன்ற குற்றமொன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் இங்கும் "யார் பிழை" என்று சாட்சி சேர்ப்போர் உண்டு. பிறர்மனை நாட்டமும் கொடுமையும் கனடியச் சட்டத்திலும் காரணங்களே. ஆனால் ஓராண்டுப் பிரிவு இருக்கும்போது குற்றம் நிரூபிக்கத் தேவையில்லை. தொலைபேசிச் செய்திகளைப் பிரதி எடுத்து ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்தவரைக் கண்டிருக்கிறேன். எவரும் அதைத் திறக்கவில்லை.

இருவரும் உடன்பட்டால் கூட்டு விண்ணப்பம் செய்யலாம். செலவும் அலைச்சலும் அதில் குறைவு. சத்தியக்கடதாசிகளைக் கொண்டே, பெரும்பாலும் நீதிபதி முன் தோன்றாமலே முடியும். பத்திரங்களைத் தயாரிக்க ஜூரிடிக் எனும் அரச இணையத்தளம் இலவசமாக உதவுகிறது. உடன்பாட்டுக்கு வர இயலாவிட்டால், குடும்ப மத்தியஸ்தரிடம் செல்ல அரசு சில மணிநேரங்களை இலவசமாக வழங்குகிறது: பிள்ளைகள் உள்ளோருக்கு ஐந்து, இல்லாதோருக்கு மூன்று. பிள்ளைகள் தொடர்பாகப் பிணக்குடைய பெற்றோர், பிரிவுக்குப் பிந்திய பெற்றோர்ப் பொறுப்புப் பற்றிய இலவசத் தகவல் அமர்விலும் பங்குபற்ற வேண்டும். வீட்டில் வன்முறை நடந்திருந்தால் நிலைமை வேறு. கணவரோடு ஒரே மேசையில் அமர உங்களை எவரும் வற்புறுத்த முடியாது. இருபத்துநான்கு மணிநேரமும் இயங்கும் எஸ்ஓஎஸ் குடும்ப வன்முறை உதவி எண் 1 800 363-9010. வருமானம் குறைந்தோர் சட்ட உதவி அலுவலகத்தில் தகுதியைக் கேட்டறியலாம்.

நாட்டுப் பத்திரங்கள் பற்றி. இலங்கையில் எழுத்து நடந்திருந்தால், உரிய பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவிலோ பதிவாளர் நாயகம் திணைக்களத்திலோ உறுதிப்படுத்திய பிரதியைப் பெறுங்கள். தமிழ்ச் சான்றிதழாயின் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்துத் தர வேண்டும். ஊரிலுள்ள துணைவருக்கு அழைப்பாணை அனுப்ப வாட்ஸ்அப் போதாது. அழைப்பாணை அனுப்புவது பற்றிய ஹேக் உடன்படிக்கையில் இலங்கையும் இந்தியாவும் சேர்ந்துள்ளன. அதன்படி அனுப்ப மாதங்கள் ஆகும்.

இன்னொரு எச்சரிக்கை. "ஊரில் சட்டத்தரணியைப் பிடித்துக் கெதியாக முடிப்போம்" என்று இருவரும் இங்கே இருந்துகொண்டே யாழ்ப்பாணத்தில் வழக்குப் போடுவோர் உண்டு. வெளிநாட்டு விவாகரத்தைக் கனடா ஏற்பதற்கான முதன்மை நிபந்தனை, வழக்குக்கு முன் இருவரில் ஒருவராவது அந்நாட்டில் ஓராண்டு வசித்திருப்பது. அது இல்லையெனில் உங்கள் விவாகரத்து இங்கே கேள்விக்குள்ளாகும். அதை நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணமும் கேள்விக்குள்ளாகும்.

உரை முடிந்ததும் பெண்கள் சிலர் தனியே வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இங்கேயே பதில் சொல்லி விடுகிறேன். "அவர்தான் என்னை ஸ்பொன்சர் செய்தவர். விவாகரத்து எடுத்தால் திருப்பி அனுப்பி விடுவார்களா?" நிரந்தர வதிவிடம் கிடைத்தவரின் அந்தஸ்து, விவாகரத்தினால் மட்டும் பறிபோவதில்லை. துணைவரோடு இரண்டு ஆண்டுகள் வாழ வேண்டும் என்று முன்பு சிலருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனையும் 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. கியூபெக்கில் ஸ்பொன்சர் செய்தவர் கொடுத்த மூன்றாண்டுப் பொறுப்பு, பிரிந்த பின்னும் அவரைத் தொடரும்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். எல்லோர் முன்னும் கேட்கத் தயங்குவோருக்காகக் கதவருகே உள்ள மேசையில் அரைமணி நேரம் இருப்பேன். வரும்போது திருமணச் சான்றிதழ் கையில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வாருங்கள்.