பாட்டுக்குக் கை தட்டினீர்கள், பட்டா எங்கே?



இந்த அவலூர்பேட்டைக் கூட்டத்து நோட்டீஸில் எனக்கு வேறு தலைப்பு போட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்பு இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். பத்து நாளாக என் தொண்டையில் ஒரு முள் நிற்கிறது. அதை எடுத்துப் போடாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

பத்து நாளைக்கு முன்னால், பக்கத்து ஊர் விழா மேடையில் ஐந்து பையன்கள் ஏறினார்கள். ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர் வீட்டுப் பிள்ளைகள். முதலில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடினார்கள். விசில் பறந்தது. முன்வரிசைப் பெரிய மனிதர்கள் தோள் துண்டை எடுத்துச் சுழற்றினார்கள். அடுத்து, தாங்களே கட்டிய ராப் பாட்டை எடுத்தார்கள். ஒருவன் வாயால் தாளம் போடுகிறான். ஒருவன் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தட்டுகிறான். நடுவில் நின்றவன் பாடுகிறான்: “ஏரி ரொம்பினா ஊருக்குச் சிரிப்பு, எங்க அடுப்புல தண்ணி இருப்பு.”

இரண்டே வரி. மைக் செத்துப்போனது! கரண்ட் போகவில்லை ஐயா, சீரியல் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒயரைப் பிடுங்கச் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லி அவரைப் பெரிய ஆளாக்க மாட்டேன்.

அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். “இது அமெரிக்காக்காரன் கத்துகிற கத்தல். நம்ம ஊருக்கு எதுக்கு?” அவர் வந்த வண்டியின் என்ஜின் ஜெர்மன்காரன் கண்டுபிடிப்பு. பையில் இருக்கும் செல்போன் சீனாக்காரன் செய்தது. அதற்கெல்லாம் கேட்காத பாஸ்போர்ட்டை ஏரிக்கரைப் பிள்ளையின் பாட்டிடம் மட்டும் கேட்கிறார்!

சரி, அமெரிக்காவுக்கே போவோம். இந்த ராப் பாட்டு பிறந்த இடம் நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்ற பகுதி. அங்கே பெரிய சாலை போடுகிறேன் என்று ஏழைகளின் வீடுகளை ஆயிரக்கணக்கில் இடித்தார்கள். மிச்சமிருந்த கட்டடங்களில் பல தீப்பிடித்து எரிந்தன. அந்த இடிபாட்டுக்கு நடுவில்தான், 1970களில், தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கரண்ட் இழுத்து, ரெக்கார்டு சுழற்றி, பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். வீட்டை இழந்த சனத்தின் நடுவில் பிறந்த பாட்டு அது. ஏரிக்கரைப் பிள்ளைக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன உறவு என்று கேட்டால், இரண்டு பேருக்கும் வீடில்லை. அதுதான் உறவு.

நீங்கள் துண்டைச் சுழற்றிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்ன பாட்டு? 2021 மார்ச்சில் வந்தது. உலகமே ஆடியது. எழுதிப் பாடிய அறிவு அரக்கோணத்துப் பிள்ளை. அது அவன் பாட்டி வள்ளியம்மாளின் கதை. சொந்த மண்ணில் ஒரு குழி நிலம் இல்லாமல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன சனம் அது. காட்டை வெட்டி மலையைப் பச்சையாக்கினார்கள். தங்கியது லயம் என்ற வரிசை வீட்டில், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. 1948இல் சுதந்திர இலங்கை ஒரு சட்டம் போட்டு அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் போட்டது சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நம்ம ஊர் வாரச்சந்தையில் துண்டுக்குக் கீழே விரலைப் பிடித்து ஆட்டுக்குப் பேரம் பேசுவார்களே, அதேதான். 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம். ஆட்டைக் கேட்டா விலை பேசுவான்? இவர்களையும் யாரும் கேட்கவில்லை. அங்கே வீடு போனது. இங்கே வந்து இறங்கினால் முகாம்.

அந்தப் பாட்டைப் பாடியவனுக்கே என்ன நடந்தது? பாட்டு வந்த அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பெரிய இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைப் பற்றி எழுதி அட்டைப்படம் போட்டது. அட்டையில் பாட்டை எழுதியவன் முகம் இல்லை. ஊர் கேட்ட பிறகுதான் தனியாக இன்னொரு அட்டை போட்டார்கள். பாட்டு வேண்டும், பாட்டுக்காரன் வேண்டாம். உழைப்பு வேண்டும், உழைத்தவனுக்கு மூன்று சென்ட் நிலம் கிடையாது. பாட்டுக்குக் கை தட்டினீர்கள், பட்டா எங்கே?

மேடையில் நடுவில் நின்று பாடிய அந்தப் பையன் வீட்டுக்கு, விழாவுக்கு மறுநாள் போனேன். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். மேலே தார்ப்பாய், அது பறக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டயர். அவன் அம்மா பரணிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே பால் கவரில் சுற்றிய மனு ரசீதுகள். எண்ணினேன், பதினொன்று. நாலைந்தில் எழுத்தே இல்லை, மழைத்தண்ணீர் தின்றுவிட்டது. “ரசீதும் நனையுது, நாங்களும் நனையுறோம் சார்” என்றார். நாற்பது வருடம் தமிழ்ப்பாடம் நடத்தியவன் நான். அந்தத் தாய்க்குச் சொல்ல ஒரு சொல் எனக்கு வாயில் வரவில்லை.

“ஏரிப் புறம்போக்கில் பட்டா கேட்கிறான், ஆக்கிரமிப்புக்காரன்” என்பது இன்னொருவர் வாதம். ஐயா, ஏரியில் யார் கேட்டது? ஏரியை ஏரியாக விடுங்கள். மேட்டில் மூன்று சென்ட் கொடுங்கள் என்றுதான் அந்தப் பதினொரு மனுவும் சொல்கிறது. அரசு வீடு தராமல் இல்லை. கலைஞர் கனவு இல்லம் என்று 2024இல் அறிவித்தார்கள். 2030க்குள் 8 லட்சம் வீடு, ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். நல்ல திட்டம், மனதார வாழ்த்துகிறேன். ஆனால் வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி என்ன? பட்டா இருக்கிறதா? பட்டா இல்லாததால்தான் ஐயா அவனுக்கு வீடே இல்லை!

கொடுக்க நிலமா இல்லை? 1892இல் வெள்ளைக்காரன் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். அது யார் கையில் இருக்கிறது? அந்த நிலத்தைக் கேட்டதற்கு 1994இல் காரணை என்ற ஊரின் போராட்டத்தில் இரண்டு உயிர் போலீஸ் குண்டுக்குப் போனது. 2025 ஜூலையில் நம்ம செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பெருமைதான், நானும் மிட்டாய் கொடுத்தேன். கல்லுக்கு உலகத்தின் அங்கீகாரம் வந்துவிட்டது. கோட்டை நிழலில் செங்கல் அறுக்கும் மனிதனுக்கு ஒரு விஏஓ கையெழுத்து வரவில்லை.

‘பாட்டு’ என்ற சொல்லில் முன்னால் நிற்கும் காலை நகர்த்தி, கடைசி உகரத்தை எடுத்துவிட்டு அங்கே வையுங்கள். ‘பட்டா’! ஒரு கால் நகர்ந்தால் போதும். அந்தக் கால்தான் நாற்காலிக்குக் கீழே நகர மாட்டேன் என்கிறது.

வீடில்லாதவன் பாட்டு நமக்கு அந்நியம் என்றால் நாம் கூத்தையும் நிறுத்த வேண்டும். மேலச்சேரி திரௌபதி அம்மனைக் கும்பிடுகிற மண் இது. ‘கிருஷ்ணன் தூது’ எத்தனை இரவு பார்த்திருக்கிறீர்கள்! பாதி நாடு கேட்டான், இல்லை. ஐந்து ஊர் கேட்டான், இல்லை. கடைசியில் ஐந்து வீடு கேட்டான், ஊசிமுனை நிலமும் தர மாட்டேன் என்றான் துரியோதனன். ஐந்து பேருக்கு ஐந்து வீடு! பதினெட்டாம் நாள் என்ன செய்கிறோம்? மண் தராதவனை மண்ணாலேயே செய்து, படுகளத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, தொடையில் அடிக்கிறோம். வருடா வருடம் அடிக்கிறோம். அந்தக் கதையை ராத்திரி முழுக்க விழித்துக் கேட்கிற ஊர், இந்த ஐந்து பிள்ளைகள் இரண்டு வரி பாடினால் ஒயரைப் பிடுங்குமா?

இதோ, அந்த ஐந்து பேரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இறங்கியதும் அவர்கள் ஏறுவார்கள். இந்த மைக்கை யாரும் தொட முடியாது, செட்டுக்காரருக்குப் பக்கத்தில் நான் நிற்பேன்.

வருகிற திங்கட்கிழமை மனுநாள். அவர்கள் பாட்டை அப்படியே வெள்ளைத்தாளில் எழுதியிருக்கிறேன். அடியில் ‘மூன்று சென்ட் வேண்டும்’ என்ற ஒரே வரியைச் சேர்த்திருக்கிறேன். அது பன்னிரண்டாவது மனு. பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் பெஞ்சில் வைக்கிறேன். அன்று துண்டைச் சுழற்றிய கைகளே, வந்து கையெழுத்துப் போடுங்கள்.