கப்பல் மோதியது தற்செயலா?



கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்கின்ற நமக்குக் கடல் தொலைவானது. நாம் அறிந்த நீர் முல்லையாறும் வைகையும். வீரபாண்டியிலும் உத்தமபாளையத்திலும் ஆற்றைக் கடக்கும்போது, பாலத்தின் தூணில் கப்பல் வந்து மோதும் என்று நம்மில் எவரும் அஞ்சுவதில்லை. ஆயினும், கடல் கடந்த நாடொன்றில் சரக்குக் கப்பல் ஒன்று பாலத்தில் மோதியதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஒரு பெருங்கேடு நிகழ்ந்தவுடன், அது தானாக நேர்ந்ததா, எவரேனும் நேரச் செய்ததா என்று எங்கும் வாதம் எழுகின்றது. அவ்வாதத்தை எம்முறையில் நடத்த வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சி நல்லதொரு பாடம்.

2024ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள். நள்ளிரவு கழிந்த நேரம். அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தை விட்டு ‘டாலி’ என்னும் கப்பல் கொழும்பை நோக்கிப் புறப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 300 மீட்டர். சரக்குப் பெட்டிகள் நாலாயிரத்துக்கு மேல். மாலுமிகள் 21 பேர். அவர்களுள் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். அவர்களோடு துறைமுக வழிகாட்டிகள் இருவரும் இருந்தனர். 1977இல் திறக்கப்பட்ட பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தை அணுகும் வேளையில் கப்பலின் விளக்குகள் அணைந்தன. மீண்டும் எரிந்தன. மீண்டும் அணைந்தன. முதன்முறை விளக்கணைந்ததற்கும் தூணில் மோதியதற்கும் இடையே சென்ற நேரம் ஏறத்தாழ நான்கு நிமிடமே. தூண் சாய்ந்தது; சில நொடிகளில் பாலம் ஆற்றில் வீழ்ந்தது. சாலையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த தொழிலாளர் அறுவர் மாண்டனர். மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள்.

பொழுது விடிவதற்குள் அக்காட்சியின் படம் உலகெங்கும் பரவிற்று. அதனோடு ஐயமும் பரவிற்று. “இது சதி” என்றனர் சிலர். “கப்பலின் கணிப்பொறியைப் பகைவர் கைப்பற்றிவிட்டனர்” என்றனர் வேறு சிலர். அவர்கள் எடுத்துக்காட்டிய காரணங்கள் மூன்று. பாலத்தருகே வந்தபோது பார்த்து விளக்கு அணைவானேன்? நேரே சென்ற கப்பல் தூணின் பக்கம் திரும்புவானேன்? பொறி நின்றதென்றால் புகைபோக்கியில் கரும்புகை எழுவானேன்?

இவ்வாறு ஐயுறுவது குற்றமன்று. ஐயம் அறிவின் வாயில். ஆனால் வாயிலிலேயே நின்றுவிடுபவன் வீட்டைக் காண்பதில்லை. ஆகவே, கேள்விகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

கப்பல் ஏன் திரும்பியது? நீரில் செல்லும் பெருங்கலம் வண்டியைப் போன்றதன்று. பொறி நின்றாலும் அது நிற்பதில்லை. சுக்கானும் உந்து திருகும் செயலற்றபின், நீரோட்டத்திற்கும் காற்றுக்கும் நீரடித் தரையின் அமைப்புக்கும் ஏற்ப அதன் முகம் திரும்பும். லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எடையைச் சில நிமிடங்களில் தடுத்து நிறுத்த நங்கூரத்தாலும் ஆகாது. புகை ஏன் எழுந்தது? நின்றுபோன டீசல் மின்னாக்கி மீண்டும் இயங்கத் தொடங்கும்போது கரும்புகை எழுவது இயல்பு. ஆதலின் இவ்விரண்டும் சதிக்குச் சான்றாகா.

இனி, மறுபக்கத்தையும் பார்ப்போம். விளக்கணைந்தவுடன் கப்பலில் இருந்தோர் என்ன செய்தனர்? இழுவைப் படகுகளை அழைத்தனர். நங்கூரத்தை இறக்கச் சொன்னார் வழிகாட்டி. பாலத்தை மூடும்படி அவசரச் செய்தி அனுப்பப்பட்டது. காவலர் இருபுறமும் வண்டிகளைத் தடுத்து நிறுத்தினர். அதனால் பல உயிர்கள் பிழைத்தன. பாலத்தை இடிக்க எண்ணியவன் பாலத்தைக் காலி செய்யுமாறு கூவுவானா?

இவ்வாதம் வலியதுதான், எனினும் இதுவும் ஊகமே. ஆராய்ச்சியாளர் இதனோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கப்பலின் பதிவுக்கருவியையும் மின்கட்டமைப்பையும் பல மாதங்கள் சோதித்தது. 2025 நவம்பரில் தன் முடிவை வெளியிட்டது. மூலகாரணம் எது தெரியுமா? ஒரே ஒரு கம்பி. அக்கம்பியின் நுனியில் அதன் பெயர் பொறித்த சிறு பட்டை ஒன்று மாட்டப்பட்டிருந்தது. பட்டை இருந்த இடம் சரியில்லாமையால் கம்பி தன் பிடிக்குள் முழுமையாக நுழையவில்லை. தளர்ந்திருந்த அந்த இணைப்பு விட்டுப்போகவே, மின்சுற்று முறிந்தது, கப்பல் இருண்டது. விளக்கு அணைந்தது அவ்விடத்தில் ஏன் என்னும் கேள்விக்கும் இதுவே விடை. தளர்ந்த கம்பி இடம் பார்த்து விடுபடுவதில்லை.

“அப்படியானால் இது தற்செயல், பேச்சு முடிந்தது” என்று சிலர் கூறக்கூடும். நான் சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது. நம் குமுளி மலைச்சாலையில் லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் உருண்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் வேண்டுமென்று உருட்டவில்லை என்பது தெளிவு. ஆனால் அந்தப் பிரேக்கைக் கடைசியாகச் சோதித்தவர் யார்? முந்தைய நாளே பழுது தெரிந்ததா? அந்த வளைவில் தடுப்புச்சுவர் இருந்ததா? இவற்றைக் கேளாமல் ‘விபத்து’ என்று எழுதிக் கோப்பை மூடுவது அறமாகுமா?

டாலியிலும் இவ்வாறே. புறப்படுவதற்கு முந்தைய நாள் துறைமுகத்திலேயே அக்கப்பலில் இருமுறை மின்சாரம் நின்றிருந்தது. முதல் மின்தடைக்குப்பின் விளக்கு எரிந்தும் மறுபடி அணைந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. மின்னாக்கிகளுக்கு எண்ணெய் ஊட்டிய பம்பு, அப்பணிக்கென அமைந்ததன்று. மின்சாரம் திரும்பினாலும் தானாக இயங்காத பம்பு அது. குறை கப்பலோடும் நிற்கவில்லை. 1980இல் ஃபுளோரிடாவில் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் கப்பல் மோதி 35 பேர் இறந்தனர். பாலங்களுக்கு நேரக்கூடிய இத்தகைய ஆபத்தைக் கணக்கிட்டு அறியும் முறைகள் அதன்பின் வகுக்கப்பட்டன. பால்டிமோர் பாலத்திற்கு அக்கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருந்தால், ஏற்கத்தக்க அளவினும் ஏறத்தாழ 30 மடங்கு ஆபத்து இருந்தது தெரிந்திருக்கும் என்று வாரியம் கூறியது. மேலும் 68 பாலங்களைச் சோதிக்குமாறும் பரிந்துரைத்தது.

நம் நாட்டிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலத்தில், 2013 ஜனவரி 13இல் கடற்படைக்குரிய மிதவைக்கலம் ஒன்று மோதிற்று. பாலம் வீழவில்லை, சேதமுற்ற பகுதியைச் செப்பனிட வேண்டியதாயிற்று. அங்கும் கேட்கத்தக்க கேள்வி பகைவர் யார் என்பதன்று. கலம் கட்டுக்கடங்காமற் போனது எவ்வாறு, தூணைக் காப்பது எவ்வாறு என்பதே.

வதந்தியின் விலையை நம் பள்ளத்தாக்கு அறியும். 2011 இறுதியில் முல்லைப்பெரியாறு அணையைப் பற்றிய அச்சம் பரவியபோது, எல்லையின் இருபுறமும் எத்தனை பேர் துன்புற்றனர்! குமுளிச் சாலை அடைபட்டது. அண்டை வீட்டாராய் வாழ்ந்தவர் பகைவராயினர். பின்னர் வல்லுநர் குழு அணையைச் சோதித்தது. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை ஏற்பவரும் உண்டு, மாறுபடுபவரும் உண்டு. ஆயினும் அளவெடுத்துப் பேசுவதற்கும் அச்சத்தால் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் கண்ணாரக் கண்டோம்.

பால்டிமோரிலும் வதந்திக்கு இரையானோர் உண்டு. அந்த இந்திய மாலுமிகளை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரம் ஒன்று இணையத்தில் பரவிற்று. மாலுமிகளோ, பாலத்தின் இரும்பு சுமந்த கப்பலிலேயே பல வாரங்கள் தங்கியிருந்தனர். மே மாதத்தில் அவ்விரும்பை வெடிவைத்துத் தகர்த்தபோதும் அவர்கள் கப்பலில்தான் இருந்தனர். நம் ஊர்ப் பிள்ளைகளும் நாளை இத்தகைய கப்பல்களில் பணிபுரியச் செல்லக்கூடும். சான்றின்றிச் சொல்லும் ‘சதி’ என்னும் ஒரு சொல், அவர்கள்மீது எத்துணைப் பெரும் பழியாய் விழும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நண்பர்களே, ‘சதி’ என்று சொல்பவன் ஒரு பகைவனைத் தேடுகிறான். பகைவன் கிடைத்துவிட்டால் கம்பியைத் தேட மாட்டான். ‘விதி’ என்று சொல்பவனோ எதையுமே தேடுவதில்லை. இருவர் கையிலும் அடுத்த பாலம் காப்பாற்றப்படாது. அந்தக் கப்பல் வேண்டுமென்று மோதவில்லை; அது உறுதி. ஆனால் எவரும் எண்ணாமல் நேர்ந்தது என்பதனால், எவரும் தடுத்திருக்க முடியாதது என்று ஆகிவிடாது. பிடிக்குள் சரியாக நுழையாத ஒரு கம்பியை ஒருவர் ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தால், அந்த அறுவரும் வேலை முடிந்து அன்று காலை வீடு திரும்பியிருப்பர்.